பி.காம் பிள்ளைகளுக்குத் தப்புக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அட்மிஷன் சீசன் வந்தால் உங்கள் பேப்பரில் கல்லூரி விளம்பரம் பக்கம் பக்கமாக வருகிறது. இப்போது பி.காம், பிபிஏ எதைப் பார்த்தாலும் பக்கத்தில் ஏஐ என்று ஒட்டியிருக்கிறது. என் மகன் கோவையில் பி.காம் சி.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கிறான். ஏஐயில் என்ன சாமி சொல்லித்தர்றாங்க என்று கேட்டால், ஒரு நாள் செமினார் வைத்து சர்டிபிகேட் கொடுத்தார்கள் என்கிறான். மதியச் சாப்பாடு நன்றாக இருந்ததாம்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 20 வருஷத்துக்கு மேலாகக் கணக்குப் பார்க்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இன்டர்வியூவில் கேட்டது ஒன்றுதான், டேலி என்கிற கணக்கு சாப்ட்வேர் தெரியுமா. தெரியும் என்றதும் ஒரு கட்டு பில்லைக் கையில் கொடுத்துவிட்டார்கள். நூல் பில், நிட்டிங் பில், டையிங் பில், காம்பாக்டிங் பில் என்று என்ட்ரி போட்டுப் போட்டுத்தான் ஒரு பனியனில் காசு எங்கெங்கே போகிறது என்று எனக்குத் தொழிலே பிடிபட்டது. இப்போது பில்லை போட்டோ எடுத்தால் சாப்ட்வேரே படித்து என்ட்ரி போட்டுக்கொள்கிறது. 14-ம் தேதி ஜிஎஸ்டியில் 2பி, அதாவது நமக்கு விற்றவர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல், வந்ததும் அதை நம் கணக்கோடு அதுவே ஒப்பிட்டும் காட்டிவிடுகிறது, 20-ம் தேதி 3பி என்கிற மாத வரிக் கணக்கைப் போடுவதற்குள் இரண்டு பேர் உட்கார்ந்து பென்சிலால் டிக் அடித்த வேலை அது. சரி, எங்கள் கண்ணுக்கு நல்லதுதான். ஆனால் புதிதாக வருகிற பிள்ளை தொழில் கற்றுக்கொள்ள இருந்த வழியும் அதோடு போய்விட்டதே. மிச்சம் இருப்பது, ஒத்துப்போகாத பத்து பில்லுக்கும் போன் போட்டு, "ஏனுங்கண்ணா, போன மாச பில்லை இன்னும் ஏத்தலீங்களா" என்று பதமாகக் கேட்கிற வேலைதான். அதை எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தருவதாகத் தெரியவில்லை.

எங்கள் ஆபீசுக்கு எம்பிஏ படிக்கிற தம்பி ஒருவர் டிரெய்னிங் வந்திருந்தார். மார்ச் மாதம். 31-ம் தேதிக்குள் யார் யாருக்குப் பணம் கட்டியே ஆகவேண்டும் என்று லிஸ்ட் போடச் சொன்னேன். 2023 நிதிச் சட்டத்தில் வருமான வரியில் 43பி(எச்) என்று சேர்த்தார்களே, குறு, சிறு தொழில்காரர்களுக்குக் கெடுவுக்குள் பணம் கொடுக்காமல் வருஷக் கடைசியைத் தாண்டவிட்டால் அந்தச் செலவை அந்த வருஷக் கணக்கில் கழிக்க முடியாது, அதற்காக. தம்பி போனில் ஏஐயிடம் கேட்டு ஐந்தே நிமிஷத்தில் கலர் கலராக டேபிள் கொண்டுவந்தார். எல்லாருக்கும் 45 நாள் கெடு என்று போட்டிருந்தது. 45 நாள் என்பது எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால்தான், இல்லாவிட்டால் 15 நாள். இங்கே காஜா பட்டன் போடுகிறவரோடும் கூலிக்குத் தைத்துத் தருகிற பவர்டேபிள்காரரோடும் யார் ஒப்பந்தம் எழுதிக்கொள்கிறார்கள்? "பார்த்து முடிச்சுக் குடுங்கண்ணா" என்று சொன்னால் அதுதான் ஒப்பந்தம். போதாததற்கு நூலை வாங்கி விற்கிற வியாபாரியையும் சேர்த்திருந்தது, வியாபாரிக்கு இந்தக் கெடுவே பொருந்தாது. ஏன் தம்பி சந்தேகமே வரலையா என்றால், "டேபிளா வந்துச்சுங்க சார், சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேனுங்க" என்றார்.

அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது. சாட்ஜிபிடி வந்தது 2022 நவம்பரில், அதற்கப்புறம் கல்லூரியில் சேர்ந்தவர்கள் வேலைக்கே வந்துவிட்டார்கள், பரீட்சையில் இன்னும் ஏஐயின் நன்மைகள் ஐந்து எழுதுக என்று கேட்டுக்கொண்டிருந்தால் எப்படி? அதற்குப் பதிலாக ஏஐ போட்ட காஸ்டிங் ஷீட், அதாவது ஆர்டருக்கான செலவுக் கணக்கு, ஒன்றை அச்சடித்துக் கொடுத்து, எங்கே தப்பு என்று கேளுங்கள். 10,000 பீஸ், பீஸுக்கு 200 கிராம் துணி, ஆக 2,000 கிலோ நூல் என்று பார்க்க அழகாகப் போட்டிருக்கட்டும். சாயத்தில் ஆறு சதவீதம் எடை குறையும் என்று தெரிந்த பிள்ளை, 2,128 கிலோவாவது வேண்டுமே என்று பேனாவை எடுக்கும். தெரியாத பிள்ளை மார்க்கை விடும், அதுவும் சரிதான், கம்பெனியில் 128 கிலோ நூல் துண்டு விழுவதற்கு அது தேவலை.

இது புத்தகத்தில் வராது. செமஸ்டர் லீவில் ஈரோட்டுப் பிள்ளையை மஞ்சள் ஏலத்துக்கும் நாமக்கல் பிள்ளையைக் கோழிப்பண்ணைக்கும் கோவைப் பிள்ளையை பம்ப்செட் பட்டறைக்கும் அனுப்புங்கள். 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்திலும் இதைச் சேர்க்கலாம். எங்களைப் போன்றவர்களும் டிரெய்னிங் பிள்ளைகளை டீ வாங்கவும் ஜெராக்ஸ் எடுக்கவும் அனுப்புவதை நிறுத்தணும், நானும்தான்.

அப்புறம் ஒன்று. அந்த லிஸ்டுக்காகத் தம்பி எங்கள் பார்ட்டிகளின் பெயர், பாக்கித்தொகை எல்லாவற்றையும் அப்படியே இலவச ஏஐயில் ஒட்டியிருக்கிறார். ஒட்டக்கூடாது என்று கல்லூரியிலும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. முதலாளிக்கு இது இன்னும் தெரியாது. அவர் தினமும் உங்கள் பேப்பர்தான் படிக்கிறார், அதனால் தயவுசெய்து என் பெயரைப் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு பனியன் கம்பெனிக் கணக்கர்,
திருப்பூர்.