அம்பறாத்தூணியை எங்கே மாட்டுவது?

லேன்சிங், மிச்சிகன்
ஆகஸ்ட் 10

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. டென்வரில் வீடு அமைந்துவிட்டது, மகளுக்குப் பள்ளிக்கூடமும் பக்கத்திலேயே என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறார். உனக்குக் கொலராடோவில் எல்க் என்ற பெரிய மானை வில்லால் வேட்டையாட டேக் (அனுமதிச் சீட்டு) கிடைத்ததில் எனக்கு உன்னைவிட சந்தோஷம். செப்டம்பருக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. அதனால் நீ கேட்டதற்கு நேராக வருகிறேன்.

வில்லில் மாட்டும் பழைய அம்பறாத்தூணியையே கழற்றிக் கழற்றி மாட்டிக்கொள்ளலாமா, இல்லை தோலில் செய்த முதுகுத் தூணி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டாம். வில்லோடு திருகி மாட்டுகிற தூணியாகப் பார். ஐந்து அம்பு கொள்ள வேண்டும், அம்புத் தண்டைக் கவ்வும் ரப்பர் பிடியான கிரிப்பர் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும், ரைசரை, அதாவது வில்லின் நடு உடலை, ஒட்டி உட்கார வேண்டும். மாட்டினால் சீசன் முடியும் வரை கழற்றாதே. அது வில்லில் இருக்கும்போதே குறிபார்க்கும் சைட்டைச் சரிசெய்.

மிச்சிகனில் நீ பழகியது பரண் வேட்டை. ஏறி உட்கார்ந்து, கயிற்றில் வில்லை இழுத்துக்கொண்டு, தூணியைக் கழற்றிக் கை எட்டும் கொக்கியில் மாட்டிவிட்டால் வில் லேசாகிவிடும், கிளையிலும் இடிக்காது. மான் உன்னிடம் வருகிறது, நீ நகர்வதில்லை. அங்கே கழற்றுவதுதான் சரி. எல்க் வேட்டை அப்படி இல்லை. ஒன்பதாயிரம், பத்தாயிரம் அடி உயரத்தில் காலையிலிருந்து நடக்கிறாய். ஆண் எல்க் குரல் கொடுத்ததும் அதை நோக்கி ஓடி, ஒரு மரத்தடியில் மண்டியிட வேண்டியிருக்கும். தூணியைக் கழற்றி எங்கே வைப்பாய்? தரையில் வைத்தால் இருபது கஜம் நகர்ந்த பிறகு இரண்டாவது அம்பு உன்னிடம் இல்லை. அவசரத்தில் கழற்றாமலே எய்தால், கழற்றிய நிலையில் சரிசெய்த சைட் உனக்குச் சரியாக இருக்காது.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார். 450 கிரெய்ன் அம்பு ஒன்று ஏறக்குறைய 29 கிராம். ஐந்து அம்பு 146 கிராம். தூணியின் எடை இருநூறு, இருநூற்றைம்பது என்று வைத்துக்கொள். ஆக நானூறு கிராம் எடை, வலக்கை ஆளின் வில்லில் வலப் பக்கம், நடுக்கோட்டிலிருந்து மூன்று நான்கு அங்குலம் தள்ளித் தொங்குகிறது. இடுப்பில் குடம் வைத்தவள் மறுபக்கம் சாய்ந்து நடப்பதைப் போல உன் மணிக்கட்டும் தன்னையறியாமல் அதற்கு ஈடுகொடுக்கும். களைத்துப் போனால் ஈடுகொடுப்பது குறையும், வில் வலப் பக்கம் சாயும். வில் எந்தப் பக்கம் சாய்கிறதோ அம்பும் அந்தப் பக்கமே விலகும். இருபது கஜத்தில் தெரியாது. ஐம்பது கஜத்தில் கட்டாயம் தெரியும்.

வீட்டிலேயே சோதித்துவிடலாம். தூணியில் ஐந்து அம்பையும் நிரப்பு. இன்னோர் அம்பை நாணில் வைத்து, இலக்குக்கு நேரே நின்று, கண்ணை மூடிக்கொண்டு முழுதாக இழு. கை அமைந்ததும் கண்ணைத் திறந்து சைட்டிலுள்ள லெவல் குமிழியைப் பார். குமிழி இடப் பக்கம் ஓடியிருந்தால் வில் வலப் பக்கம் சாய்கிறது என்று அர்த்தம். உடனே பிடியை இறுக்கித் திருப்பி நேராக்காதே. கை முறுக்கினால் அது இன்னொரு கோளாறாக முளைக்கும். முதலில் தூணியை ரைசருக்கு எவ்வளவு நெருக்க முடியுமோ அவ்வளவு நெருக்கு. நல்ல தூணிகளில் உள்ளே, வெளியே, முன்னே, பின்னே என்று நகர்த்தும் வசதி இருக்கும். டைட்ஸ்பாட் மாதிரியான தூணிகளுக்கு மதிப்பே இதனால்தான். அதற்கு மேலும் சாய்ந்தால் இடப் பக்கத்தில் ஒரு சைடு பார் (எடை மாட்டும் கம்பி) போட்டு நூறு, நூற்றைம்பது கிராம் எடை சேர். குமிழி நடுவில் நின்ற பிறகுதான் அம்பு உட்காரும் ரெஸ்ட்டில் கை வை, அதன் பிறகு சைட்டில். இந்த வரிசையை மாற்றினால் எல்லாவற்றையும் இரண்டு தடவை செய்ய வேண்டியிருக்கும்.

எல்லாம் சரியானதும் பிராட்ஹெட் (அலகுள்ள வேட்டை முனை) போட்ட அம்புகளை நாற்பது கஜத்தில் எய்து பார். முதலில் தூணி நிறைந்திருக்கும்போது, பிறகு இரண்டே அம்பு மிச்சமிருக்கும்போது. இரண்டு தடவை எய்த அம்புகளும் ஒரே இடத்தில் விழுந்தால் அதற்கு மேல் அந்தப் பேச்சே வேண்டாம்.

இப்போது மூடி, அதாவது அம்பு முனைகளை மறைக்கும் தூணியின் மேல் பகுதி. தூணி வாங்கும்போது எல்லாரும் நிறம், எடை, விலை பார்க்கிறார்கள். நீ மூடியைத் திருப்பி உள்ளே பார். பிராட்ஹெட்டின் அலகு முழுவதும், அதன் அடிப்பாகம் வரை, மூடிக்குள் மறைய வேண்டும். கொலராடோ சட்டப்படி பிராட்ஹெட் குறைந்தது 7/8 அங்குல அகலம் இருக்க வேண்டும். நீ வைத்திருப்பது 1 1/8 அங்குலம் என்று நினைக்கிறேன். அந்த அகலத்தில் ஐந்து தலைகள் ஒன்றையொன்று தொடாமல் நிற்க இடம் இருக்கிறதா? தொட்டால் உரசி மழுங்கும், நடக்கும்போது கிணுகிணு என்று சத்தமும் வரும். சரிவில் சறுக்கி விழுந்தால் உன் தொடைக்கும் அந்த அலகுகளுக்கும் நடுவில் இருப்பது அந்த மூடி மட்டும்தான். ஓரம் பிளந்த மூடி, அழுத்தினால் வளைகிற மூடி எதுவும் வேண்டாம்.

மூடிக்குள் ஃபோம் இருந்தால் அது தேயும் பொருள் என்பதை நினைவில் வை. திரும்பத் திரும்பக் குத்தினால் பொடியாகும். மழையில் நனைந்தால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கார்பன் ஸ்டீல் அலகைத் துருப்பிடிக்கச் செய்யும். பயிற்சிக்கு அலகில்லாத ஃபீல்டு பாயின்ட் முனை, வேட்டைக்கு மட்டும் பிராட்ஹெட் என்று வைத்துக்கொண்டால் ஃபோம் நாள்பட உழைக்கும். நனைந்த நாளில் ராத்திரியே அம்புகளை எடுத்து, அலகைத் துடைத்து, மூடியைக் கவிழ்த்து உலர்த்து. பட்டதும் அலகு விரியும் மெக்கானிக்கல் தலை போடுவதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஃபோமில் சிக்கி அலகு பாதி திறந்துவிடும், இல்லையென்றால் அதைப் பிடித்திருக்கும் வளையம் நழுவும். தூணியிலிருந்து எடுத்ததும் ஒரு பார்வை பார்க்காமல் நாணில் வைக்காதே.

அம்பை எடுத்து வைப்பதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. வைக்கும்போது முதலில் தலையை மூடிக்குள் நேராகச் செலுத்து, பிறகு தண்டைக் கிரிப்பருக்குள் அழுத்து. எடுக்கும்போது தலைகீழ்: கிரிப்பருக்கு அருகே தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் விடுவி, பிறகு மூடியிலிருந்து நேராகக் கீழே இழு. நாணில் பொருந்தும் வால் முனையை (நாக்) பிடித்து இழுத்தால் தண்டு வளையும், தலை மூடியின் ஓரத்தில் மாட்டும். விரல் மூடியின் வாய்க்குப் பக்கத்தில் போகவே கூடாது. வேட்டைக்குப் போடும் அதே கையுறையோடு, கண் இலக்கிலேயே இருக்க, சத்தமில்லாமல் எடுத்து நாணில் வைக்கும் வரை பழகு. கண்ணால் தேடி எடுக்கிற அம்புக்கு எல்க் காத்துக்கொண்டிருக்காது.

கிரிப்பர் உன் தண்டின் தடிமனுக்குப் பொருந்த வேண்டும். 6.5 மி.மீ. தண்டுக்கென்று வந்த கிரிப்பரில் 4 மி.மீ. மெல்லிய தண்டைப் போட்டால் புதரில் உரசும்போதே நழுவி விழும், நீ திரும்பிப் பார்க்கும்போது நான்குதான் இருக்கும். 5 மி.மீ. தண்டுக்கும் கடையில் பொருத்திப் பார்த்து வாங்கு. சோதிக்க, ஃபீல்டு பாயின்ட் போட்ட அம்புகளை மாட்டி, மூடி கீழே வரும்படி வில்லைக் கவிழ்த்து லேசாக உதறு, பிறகு நிமிர்த்தியும் உதறு. ஒன்று நகர்ந்தாலும் கிரிப்பரை மாற்று. வெயிலில் கிடந்த ரப்பரில் வெடிப்பு விழுந்திருக்கும். நீ பழைய தூணியை காரின் பின்கண்ணாடி ஓரமாகவே வைப்பாய், அதனால் அதையும் பார்த்துவிடு. ஒரே கிரிப்பர் உள்ள தூணியில், எய்யும்போது அம்பின் வால் பகுதி அதிர்ந்து ஒன்றோடொன்று தட்டும். இரண்டு கிரிப்பர் கேட்டது அதற்காகத்தான்.

சத்தத்தில் பாதி அம்பிலிருந்து வருவதில்லை, திருகிலிருந்து வருகிறது. சைட்டையும் தூணியையும் ரைசரில் பிடிப்பவை 10-24 என்ற அளவுள்ள இரண்டே திருகுகள். திருகு தளராமல் பிடிக்கும் நீல நிற த்ரெட்லாக் பசை ஒரு சொட்டு விட்டு முடுக்கு. திருகின் தலையிலிருந்து உலோகத்தின் மேல் வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டால், திருகு தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். பிறகு வில்லைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு ரைசரை விரல் முட்டியால் தட்டிக் கேள். 'டொக்' என்று அடங்கினால் சரி. 'ர்ர்' என்று இழுத்தால் எங்கோ தளர்ந்திருக்கிறது. அம்புகளின் இறகுகள் ஒன்றையொன்று தொடாதபடி ஒவ்வோர் அம்பையும் கொஞ்சம் திருப்பி வை. வில்லின் நுனியில் சுழலும் சக்கரமான கேமையோ, கேபிளையோ எந்த இறகும் எட்டக்கூடாது. முழுதாக இழுத்த நிலையில் லிம்ப் (வில்லின் வளையும் கை) எங்கே வருகிறது என்று பக்கத்தில் ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல். கீழ்க் கேமைத் தாண்டி நாக் நீட்டிக்கொண்டிருந்தால், வில்லைத் தரையில் ஊன்றும்போது அம்பு மேலே தள்ளப்படும். அதற்குத் தூணியைக் கொஞ்சம் மேலே ஏற்றினால் போதும்.

இறகின் நிறம் சின்ன விஷயம்தான், ஆனாலும் சொல்கிறேன். மான் இனத்துக்குச் சிவப்பும் ஆரஞ்சும் மங்கல், நீலம் நன்றாகத் தெரியும். வெள்ளையோ பளிச்சென்று தெரியும். ஐந்து வெள்ளை வால்கள் வில்லோடு சேர்ந்து அசைந்தால் அது கொடி காட்டுகிற மாதிரிதான். ஆரஞ்சு போடு, விழுந்த அம்பைத் தேடுவதும் உனக்கு எளிது.

திறந்த மலைச்சரிவில் காற்று பக்கவாட்டில் அடித்தால் நிறைந்த தூணி கப்பல் பாய்மாதிரி இழுக்கும். வில்லோடு மாட்டுவதன் உண்மையான குறை இதுதான், அதை நான் மறைக்கவில்லை. காற்று நாளில் வீட்டுக்குள் உட்காராமல் வெளியே போய் எய்து, எத்தனை கஜம் வரை உன் கை நிலைக்கிறது என்று தெரிந்துகொள். அதற்கு மேல் எய்யாதே.

முதுகுத் தூணி மேல் உனக்கு ஆசை என்பது தெரிகிறது. அழகானதுதான். 1911-ல் கலிபோர்னியாவில் வெளியுலகுக்கு வந்த யாஹி பழங்குடி மனிதர் இஷியின் தூணி நீர்நாய்த் தோல். அவரிடம் வில்வித்தை கற்ற டாக்டர் சாக்ஸ்டன் போப்பும் அம்பை முதுகில்தான் சுமந்தார். ஆனால் பிராட்ஹெட்டுகள் ஒரே பைக்குள் அடியில் ஒன்றோடொன்று மோதும். இன்றும் அப்படிச் சுமப்பவர்கள் பைக்கு அடியில் ஓட்ஸ் கொட்டித் தலைகளைத் தனித்தனியாக நிற்க வைக்கிறார்கள். குனிந்து புதருக்குள் நுழைந்தால் அம்பு வழுக்கி வெளியே வரும். எடுக்கத் தோளுக்கு மேல் கை போக வேண்டும், எல்க் முதலில் பார்ப்பதே அந்த அசைவைத்தான். போதாக்குறைக்கு நீ முதுகில் பை வேறு சுமக்கிறாய். மிச்சிகனில் வில் தயாரித்துவந்த ஃப்ரெட் பேர் 1940களில் வில்லிலேயே மாட்டும் தூணியைக் கொண்டுவந்தபோது, இந்தத் தொல்லைகளுக்குத்தான் வழி கண்டார்.

பை இல்லாமல் நடப்பதாக இருந்தால் கேட்குவிவர் என்ற முதுகுத் தூணி வகையைப் பரிசீலிக்கலாம். இறகுகள் மேல் மூடிக்குள் நனையாமல் இருக்கும், அம்பைக் கீழ்ப் பக்கமாக எடுக்கலாம். இடுப்புத் தூணி பயிற்சி மைதானத்துக்கு நல்லது. காட்டில் ஒவ்வொரு செடியிலும் மாட்டும்.

உன் மைத்துனர் ரிகர்வ் வில்லோடு (கேம் இல்லாத, நுனி முன்பக்கம் வளைந்த வில்) வருகிறார் என்று எழுதியிருந்தாய். அவருக்குத் திருகு துளை இல்லாவிட்டால் லிம்பில் பட்டையால் கட்டும் தூணி கிடைக்கும். லிம்பின் வளையும் பகுதியில் கட்டக்கூடாது. அங்கே சேர்கிற எடை அம்பின் வேகத்தைக் குறைக்கும், மேல் கீழ் லிம்புகளின் ஒத்திசைவும் கெடும். ரைசர் முடியும் இடத்தை ஒட்டிக் கட்டச் சொல். அவர் இறகு நிஜ இறகாக இருந்தால் மழைக்கு ஒரு மெல்லிய உறை தேவை, நனைந்து படிந்த இறகு அம்பைத் திருத்தாது.

எத்தனை அம்பு என்றும் கேட்டிருந்தாய். ஐந்து. நான்கில் பிராட்ஹெட், ஒன்றில் ஜூடோ பாயின்ட் (மண்ணில் புதையாதபடி கம்பிகள் உள்ள முனை). அந்த ஒன்றை மதிய இடைவேளையில் மண்மேட்டில் எய்து சைட் நகரவில்லை என்று பார்த்துக்கொள்ளலாம். எண்ணிக்கையைவிட எல்லாம் தயாராக இருப்பது முக்கியம். 1991-ல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த ஐயாயிரம் வருடத்துக்கு முந்தைய மனிதரின் தூணியில் பதினான்கு அம்புத் தண்டுகள் இருந்தன, இறகும் முனையும் பொருத்தி முடித்திருந்தவை இரண்டே. உன் நான்கையும் எண் எழுதி, ஒவ்வொன்றையும் பிராட்ஹெட்டோடு எய்து பார்த்துச் சேர். கார்பன் தண்டை ஒவ்வொரு நாளும் இரு கையால் லேசாக வளைத்துக் காதருகே வைத்துக் கேள். நொறுங்கும் சத்தம் வந்தால் அது வேட்டைக்கு இல்லை, பயிற்சிக்கும் இல்லை.

கற்குவியல் சரிவில் ஏறும்போது அம்பு நாணில் இருக்கக் கூடாது, தூணியில் இருக்க வேண்டும். நேரம் போகிறதே என்று தோன்றினாலும் சரி.

தூணி வாங்கும் முன் உன் தண்டின் வகை, அம்பின் நீளம், பிராட்ஹெட்டின் அகலம் மூன்றையும் அளந்து எழுது. இங்கே என்னிடம் இரண்டு அளவில் புது கிரிப்பர்கள் சும்மா கிடக்கின்றன, பொருந்துவதைத் தபாலில் அனுப்பிவிடுகிறேன். எங்களுக்கு இங்கே சீசன் அக்டோபர் 1-ந் தேதிதான், அதனால் எனக்கு அவசரம் இல்லை. மீனாவுக்கும் குழந்தைக்கும் என் அன்பு.

என்றும் அன்புடன்,
கணேசன்