பால் மறந்த குட்டிக்கு எந்தத் தீவனம்? நாமக்கல் வட்டாரத் தீவன ஆலை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆலை உரிமையாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஆலைகள் கோழிக்காக எழுந்தவை. லாரி லாரியாகத் தீவனம் முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குப் போகும் இடத்தில், மாதம் முப்பது மூட்டை வாங்கும் வெண்பன்றிப் பண்ணைக்காரன் உங்கள் கணக்கேட்டின் கடைசி வரிக்குக்கூட வரமாட்டான். அதில் எனக்கு வருத்தமில்லை. நான் எழுதுவது அந்த முப்பது மூட்டையில் ஒரேயொரு மூட்டையைப் பற்றி: தாயிடமிருந்து பிரித்த குட்டிக்கு முதல் இரண்டு வாரம் போடும் தீவனம்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மார்கழி மாதம். ஓர் ஈற்றில் பதினொரு குட்டிகள், இருபத்தெட்டாம் நாள் பிரித்தேன். நான்காம் நாள் காலையில் கொட்டகைக்குள் போனபோது ஆறு குட்டிகளின் வாலும் பின்னந்தொடையும் நனைந்து மஞ்சளாக ஒட்டிக்கிடந்தன. தண்ணீர் போலக் கழிச்சல். கண் குழிந்துவிட்டது. பிடித்துத் தூக்கினால் எடையே இல்லை. அந்த வாரத்துக்குள் மூன்று போயின. ஈ.கோலை என்ற குடல் நுண்ணுயிரால் வரும் கழிச்சல் என்றார் கால்நடை மருத்துவர். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கடைசியில் தீவனத்தை ஒரு கை அள்ளித் தட்டில் போட்டு, எலுமிச்சம்பழம் ஒன்று கேட்டார். பிழிந்ததும் தீவனம் சோடா போலச் சீறி நுரைத்தது. பக்கத்தில் நான் வீட்டில் அரைத்த மக்காச்சோள மாவிலும் பிழிந்தார். அது சும்மா நனைந்தது, அவ்வளவுதான்.

நுரைத்தது சுண்ணாம்புத் தூள். கேட்டபோது ஆலைக்காரர் மறைக்கவில்லை: கோழித் தீவனம் ஓடிய அதே கலவை இயந்திரத்தில் என் தீவனமும் ஓடியிருக்கிறது, மிச்சமும் சேர்ந்து வந்திருக்கிறது. முட்டைக்கோழியின் தீவனத்தில் கால்சியம் ஏறத்தாழ 4 சதவீதம் இருந்தாக வேண்டும், ஓடு அதிலிருந்துதானே வருகிறது. பன்றிக்குட்டிக்கு 1 சதவீதம்கூட வேண்டியதில்லை.

கூடுதல் சுண்ணாம்பு என்ன செய்துவிடும் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். பால் குடிக்கும் குட்டியின் இரைப்பை, தானாக அமிலம் சுரப்பதில் இன்னும் தேறியிருக்காது. பாலில் இருக்கும் சர்க்கரையை நல்ல நுண்ணுயிர்கள் புளிக்கவைப்பதால் வரும் லாக்டிக் அமிலம்தான் அதுவரை காவல். பால் நின்றதும் அந்தக் காவலும் நின்றுவிடுகிறது. புது இடம், புதுக் கூட்டாளிகள், தாய் இல்லை. முதல் நாள் குட்டி ஒழுங்காகத் தின்னவே தின்னாது, பிறகு பசி தாங்காமல் ஒரேயடியாகத் தின்னும். இதற்குள் குடலின் உட்சுவரில் விரல் போல நீட்டிக்கொண்டு சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் குட்டையாகிவிடுகின்றன. இந்த நிலையில் சுண்ணாம்பைப் போட்டால், சுரக்கிற கொஞ்ச அமிலத்தையும் அது குடித்துவிடும். அமிலத்தில் சாக வேண்டிய ஈ.கோலை உயிரோடு சிறுகுடலுக்கு இறங்கி, சுவரில் ஒட்டிக்கொண்டு நஞ்சைக் கக்குகிறது. அந்த இரண்டு வாரத்துக்கு மட்டும் சுண்ணாம்புத் தூளை நிறுத்திவிட்டு, கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்த டைகால்சியம் பாஸ்பேட் உப்பில் தேவையை ஈடுகட்டலாம். அது அமிலத்தை இந்த அளவுக்குக் குடிப்பதில்லை. எலும்புக்கு வேண்டிய மீதியைப் பிறகு கொடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது புரதம். இதில் பாதிப் பழி எங்களுடையது. மூட்டையில் புரதம் 22 சதவீதம் என்று போட்டிருந்தால் தூக்கிக்கொண்டு போவோம், 18 என்றால் ஏமாற்றுகிறார்கள் என்போம். நீங்களும் சோயாப் பிண்ணாக்கை ஏற்றி எண்ணைக் காட்டுகிறீர்கள். உறிஞ்சிகள் குட்டையாகிப்போன குடலால் அவ்வளவையும் செரிக்க முடியாது. செரிக்காத புரதம் பெருங்குடலுக்குப் போய் அழுகி அம்மோனியா ஆகிறது, கெட்ட நுண்ணுயிருக்கு விருந்தாகிறது. சோயாவில் இருக்கும் சில புரதங்களே இளங்குடலுக்கு ஒவ்வாதவை, சரியாக வறுபடாத சோயா இன்னும் மோசம். புரதத்தை 18 சதவீதத்துக்கு இறக்கி, லைசின், மெத்தியோனின், திரியோனின், டிரிப்டோபேன் ஆகிய அமினோ அமிலங்களை, அதாவது புரதத்தின் துண்டுகளை, தனியாகச் சேர்த்தால் வளர்ச்சி பெரிதாகக் குறையாது, கழிச்சல் குறையும். லைசினும் மெத்தியோனினும் உங்கள் கிடங்கில் ஏற்கெனவே இருக்கின்றன, கோழிக்குப் போடுகிறீர்கள்.

மருந்துப் பொடியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. "கழிச்சல் வராது, கலந்தே கொடுக்கிறோம்" என்ற பேச்சை நான் ஒன்றுக்கு மேற்பட்ட கவுண்டர்களில் கேட்டிருக்கிறேன். என்ன கலந்தது என்று மூட்டையில் இருக்காது. கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் தீவனத்துக்கும் விற்கக்கூடாது என்று இந்திய அரசு 2019 ஜூலையில் தடைசெய்துவிட்டது. காரணம் பன்றியோடு சம்பந்தப்பட்டது. கொலிஸ்டினுக்கு அடங்காத தன்மையை ஒரு நுண்ணுயிரிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தும் மரபணுவைச் சீன ஆய்வாளர்கள் 2015இல் அறிவித்தார்கள், அது பன்றிகளிடமும் இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் மனிதருக்குக் கடைசியாக எடுக்கும் மருந்துகளில் ஒன்று அது. நம் கொட்டகைக் கழிச்சலுக்கு அதைச் செலவழிப்பது அடுக்காது.

துத்தநாக ஆக்சைடு இருக்கிறதே என்று சிலர் சொல்வீர்கள். உண்மைதான், டன்னுக்கு இரண்டரைக் கிலோ துத்தநாகம் என்ற கணக்கில் ஐரோப்பாவில் பல வருடங்கள் போட்டார்கள், நன்றாகவே வேலை செய்தது. ஆனால் பெரும்பகுதி சாணத்தோடு நிலத்துக்குப் போய்ச் சேர்கிறது, நுண்ணுயிர்களின் மருந்து எதிர்ப்பையும் வளர்க்கிறது. 2022 ஜூனோடு ஐரோப்பிய ஒன்றியம் அந்த அளவுக்குப் போடுவதை நிறுத்திவிட்டது. ஸ்வீடன் 1986லேயே வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் போடுவதைத் தடைசெய்தது. முதலில் குட்டிகளின் கழிச்சல் கூடித் திண்டாடினார்கள். பிறகு பிரிக்கும் வயதைத் தள்ளிப்போட்டு, தீவனத்தை மாற்றி, கொட்டகையைத் திருத்திச் சமாளித்தார்கள். நானும் இப்போது நாற்பத்திரண்டாம் நாள்தான் பிரிக்கிறேன், இரண்டாம் வாரத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் தீவனம் காட்டுகிறேன். ஆண்டுக்குக் கிடைக்கும் ஈற்று கொஞ்சம் குறைகிறது. செத்த குட்டியை எண்ணுவதைவிட இது எனக்குத் தேவலை.

நமக்குக் கையருகே ஒன்று இருக்கிறது: குருணை. வேகவைத்த வெள்ளை அரிசி சிறுகுடலிலேயே செரித்துவிடும், கழிச்சலும் குறைகிறது என்று ஆஸ்திரேலியாவின் மர்டாக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். வயிறு சரியில்லாத பிள்ளைக்குக் குருணைக் கஞ்சி வைக்கும் ஊரில் இதை யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் குச்சித் தீவனம் போடுகிறவர்களிடம் நீராவி இருக்கிறது, குருணையை வேகவைத்து மக்காச்சோளத்தில் ஒரு பங்குக்குப் பதிலாகச் சேர்க்கலாம். அதோடு கொஞ்சம் கோதுமைத் தவிடு, மாவாக அரைக்காமல் கரகரப்பாக. சிட்ரிக் அமிலமோ ஃபார்மிக் அமிலமோ சேர்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

கட்டுப்படியாகாது என்பீர்கள். ஒரு குட்டி அந்த இரண்டு வாரத்தில் தின்பது சுமார் 4 கிலோ. பத்துக் குட்டிக்கு ஒரு மூட்டைகூட ஆகாது. விலை இரண்டு மடங்கானாலும் கொடுக்கத் தயார், செத்த ஒரு குட்டியின் விலையில் அது அடங்கிவிடும். எங்கள் பக்கத்தில் ஒன்பது பண்ணைகள் சேர்ந்து பேசியிருக்கிறோம், ஈற்றுகளை ஒரே சமயத்தில் வரும்படி அமைத்துக்கொண்டு மொத்தமாக ஒரு டன் சொல்கிறோம். கோழித் தீவனம் ஓடி முடிந்த பிறகு இயந்திரத்தை வெறும் மக்காச்சோளத்தால் ஒருமுறை கழுவிவிட்டு ஓட்டுங்கள், அந்த மக்காச்சோளத்தைக் கோழிக்கே போட்டுக்கொள்ளுங்கள். மூட்டையில் லைசின் எவ்வளவு, கால்சியம் எவ்வளவு, அது எதிலிருந்து வந்தது, மருந்து உண்டா இல்லையா என்று தமிழில் அச்சடியுங்கள். இறக்கும்போது நான் ஓர் எலுமிச்சம்பழத்தோடு நிற்பேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

அடுத்த குட்டிகளை ஐப்பசிக் கடைசியில் பிரிக்கப்போகிறோம். புரட்டாசிக்குள் உங்களில் ஒருவராவது விலை சொல்லிவிட்டால் முன்பணம் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வெண்பன்றிப் பண்ணைக்காரன்