வாசல் மரத்தை வெட்டுகிற விஷயமாக

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் நடுவிலே லைன் போகும், இல்லை கரண்ட் போகும், இல்லை நீ "வேலைக்கு நேரமாச்சும்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிறேன். சாப்பிட்டுவிட்டுப் படி, வெறும் வயிற்றோடு படிக்காதே.

வாசலில் மரம் வெட்ட ஆள் பேசிவிட்டேன். கூலி நம் பர்மா காசு 11 லட்சம் கியாட். எந்த மரம் என்று கேட்பாய். தூங்குமூஞ்சி மரம்தான். அதை எப்பவோ வெட்டியாச்சே என்று நீ நினைப்பாய். அதையும் சொல்கிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தண்ணீர்த் திருவிழா முடிந்த மறுவாரம் ஒரு சாயங்காலம் பெருங்காற்று அடித்தது. தெற்குப் பக்கக் கிளை முறிந்து பக்கத்து வீட்டு அக்காவின் அடுப்படித் தகரத்தின் மேல் விழுந்தது. அந்தத் தகரத்துக்குக் கீழேதான் அவர்கள் பேரனுக்குத் தூளி கட்டியிருப்பார்கள். அந்த நேரம் பிள்ளையைக் குளிப்பாட்டத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள், பீலிக்கான் சாமி காப்பாற்றியது. நான் ஓடிப்போய்ப் பார்க்கும்போது தூளித்துணி ஒரு முழத்துக்குக் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது, உள்ளே இலையும் அந்தப் பிசுபிசுப்புக் காயும் கிடந்தன. அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஆறு தகரம் வாங்கிக் கொடுத்துவிட்டு, மறுநாளே மரம் வெட்டுகிறவர்களைத் தேடிப் போனேன்.

முதலில் வந்தவர் 14 லட்சம் என்றார். மரம் பெரிதாக இருப்பதற்கு இல்லையாம், இருக்கும் இடத்துக்குத்தானாம் அந்தக் காசு. வெட்டவெளியில் நின்றால் அடியில் அறுத்து ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டுப் போகலாம், பாதிக்கூலி போதும். நம் மரத்துக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் அக்காவின் தகரம், மேலே கரண்ட் ஒயர். சந்து எட்டடி, கிரேன் வண்டி திரும்பாது. இரண்டு பேர் கயிறு கட்டி ஏறி, நுனியிலிருந்து துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொரு துண்டையும் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கவேண்டும், கீழே மூன்று பேர் பிடிக்கவேண்டும். அப்புறம் குப்பையை ஏற்றிப்போகிற லாரி தனி, ரம்பத்துக்குப் பெட்ரோல் தனி, அடிக்கட்டையைத் தோண்ட இன்னொரு 3 லட்சம். அடிக்கட்டை இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன், அந்த 14இல் 3 கழிந்து 11 ஆனது. வேர் குளியலறைத் தரையைத் தூக்கி விரிசல் விட்டிருக்கிறது, அதைப் பிறகு பார்க்கலாம்.

மரத்துக்கு விலை கிடைத்தால் கூலியில் கழியும் என்றார்கள். தூங்குமூஞ்சிப் பலகைக்கு மதிப்பு உண்டுதானே, மேசை செய்கிறார்கள். வந்தவர் அடிமரத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டே சுற்றி வந்தார், ஓரிடத்தில் நின்று நகத்தால் பட்டையைச் சுரண்டினார். ஆணி. நீ ஏழாவது படிக்கும்போது பந்து வளையம் மாட்ட அடித்தாயே, அது. மரம் அதை விழுங்கி, தலை மட்டும் துருப்பிடித்து வெளியே தெரிந்தது. மொத்தம் ஒன்பது எண்ணினார். ஆணி இருக்கிற மரத்தை அறுவை மில்லில் எடுக்கமாட்டார்கள், ரம்பத்தின் பல் போய்விடும் என்று கழிவே கொடுக்கவில்லை. விறகாக வேண்டுமானால் எடுத்துக்கொள்கிறேன் என்றார். போதாததற்கு நர்கிஸ் புயலில் முறிந்த இடத்தில் தண்ணீர் இறங்கி இறங்கி உள்ளே உளுத்துப்போயிருக்கிறது. தட்டினால் பானை மாதிரி சத்தம்.

நர்கிஸ் உனக்கு ஞாபகம் இருக்கும், 2008 மே 2 ராத்திரி, உனக்குப் பத்து வயது. அப்பா உங்கள் இரண்டு பேரையும் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுக் கதவை முதுகால் முட்டுக்கொடுத்து நின்றார். விடிந்து பார்த்தால் தெருவெல்லாம் மரம், நம் மரம் தலை போயும் நின்றுகொண்டிருந்தது. அதற்கப்புறம் அவர் இருந்தவரை அதன் மேல் யாரையும் கத்தி வைக்க விடவில்லை.

சரி. இப்போது சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். 2020இல் மரத்தை வெட்டச் சொல்லி நீ அனுப்பினாயே, 4 லட்சம், பினாங்கு போய் நீ சேர்த்த முதல் காசு. அந்தக் காசில் மரத்தை வெட்டவில்லை. மாமா கடை மூடுகிற நிலைமையில் அழுதுகொண்டு வந்து நின்றார், இரண்டு மாதத்தில் தருகிறேன் என்றார், எடுத்துக் கொடுத்துவிட்டேன். கடையும் போனது, காசும் போனது. மாமாவை ஒன்றும் கேட்காதே, கொடுத்தது நான். உன்னிடம் வெட்டியாச்சு என்று சொன்னதும் நான். தங்கச்சியையும் அப்படியே சொல்ல வைத்தேன், அது எவ்வளவு பெரிய தப்பு. ஐந்து வருஷமாக வீடியோவில் உன்னோடு பேசும்போதெல்லாம் போனை அடுப்படிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். அம்மா ஏன் எப்போதும் அடுப்படியிலேயே இருக்கிறாய் என்று நீ ஒருநாள் கேட்டாய். வேலை என்றேன். அப்போது டாலர் 1,300, 1,400 கியாட் என்று இருந்தது, இப்போது வெளி மார்க்கெட்டில் 4,000 பக்கம் போய்விட்டது, 4 லட்சத்தில் முடிந்திருக்கவேண்டியது 11 லட்சத்தில் நிற்கிறது. காசு போனால் போகட்டும். அந்தத் தூளி கண்ணிலேயே நிற்கிறது.

நீ பணம் அனுப்பாதே. தோசைக்கடையில் சேர்த்தது 7 லட்சம் இருக்கிறது, மீதிக்கு ஒரு வளையலை அடகு வைத்துவிட்டேன். இந்தச் சந்தில் கேட்டுப்பார், எந்தப் பிள்ளை மாதாமாதம் தவறாமல் வீட்டை நினைக்கிறான் என்று, உன் பெயரைத்தான் சொல்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டு நானும் உன்னிடம் வாங்கியே பழகிவிட்டேன், நீ எப்படி இருக்கிறாய் என்று ஒழுங்காகக் கேட்கவில்லை.

பங்குனியிலிருந்து நீ குரலில் மட்டும்தான் பேசுகிறாய். போன் கேமரா உடைந்துவிட்டது என்றாய். சரி. அப்புறம் மூன்று வாரமாக அந்தக் குரலும் இல்லை, ஒரு கட்டைவிரல் படம் மட்டும் வருகிறது. அம்மாவுக்கு ஒரு கட்டைவிரல் போதுமா? நான் கோபமாக இல்லை. ஐந்து வருஷம் நான் போனை எந்தப் பக்கம் திருப்பி வைத்தேன் என்று எனக்குத்தான் தெரியும். பாஸ்போர்ட்டு தேதி எப்போது முடிகிறது? அதை முதலாளி கையில் கொடுத்துவைக்காதே, உன் கையிலேயே இருக்கட்டும். படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே. ஊருக்கு வா என்று நான் சொல்லமாட்டேன், ஏன் என்று உனக்குத் தெரியும், உன் வயதுப் பையன்கள் இருக்கிற வீடுகளில் ராத்திரி வாசலில் வண்டிச் சத்தம் கேட்டாலே பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க வந்துவிட்டார்களோ என்று பேச்சு நின்றுவிடுகிறது. அங்கேயே இரு. ஆனால் அங்கே எப்படி இருக்கிறாய் என்று சொல். நேரத்துக்குச் சாப்பிடு.

தங்கச்சி விஷயம் ஒன்று பேச்சில் இருக்கிறது, நல்ல இடம்தான், அப்புறம் எழுதுகிறேன். இப்போது மனசு அதில் ஓடவில்லை.

மழை பிடிப்பதற்கு முன்னால் முடிக்கவேண்டும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். வார்டு ஆபீசில் அனுமதி வாங்கியாச்சு. லைன்காரர் காலை 7 மணிக்கு ஒயரை அணைத்து 11 மணிக்குத்தான் போடுவார், அதற்குள் மேல்கிளையெல்லாம் இறங்கிவிடும். சனிக்கிழமை ராத்திரியே போனுக்குச் சார்ஜ் ஏற்றிவைத்துவிடுவேன். நீ கூப்பிடு. திண்ணையில் செம்பின் மேல் சாய்த்து, மரத்துப் பக்கம் பார்க்கிற மாதிரி போனை வைக்கிறேன். உன் பக்கம் கேமரா உடைந்தே இருந்தாலும் பரவாயில்லை, நீ பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று குரல் கொடுத்தால் போதும்.

பாஸ்போர்ட்டு உன் கையிலேயே இருக்கட்டும்.

அம்மா