கடன் முடிந்த பிறகு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டுக் கடன் முடிந்துவிட்டது என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. பத்திரத்தோடு, பாக்கி எதுவும் இல்லை என்ற கடிதத்தையும் கேட்டு வாங்கிக்கொள். அது இல்லாமல் பிறகு அலைகிறவர்கள் நிறைய.

"இனி என்னையும் வசதியானவன் என்று சொல்லலாமா?" என்று கேட்டிருக்கிறாய். சம்பளத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது. சம்பளம் நின்றால் எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்க வேண்டும்.

ஒரு தாளை எடு. ஒரு பக்கம் உன்னிடம் இருப்பதையெல்லாம் எழுது. வாங்கிய விலை வேண்டாம், இன்று விற்றால் என்ன கிடைக்குமோ அது. மறுபக்கம் எல்லாக் கடனும், கிரெடிட் கார்டு பாக்கி உட்பட. கழித்தால் வருவது நிகர மதிப்பு. பலரும் இதோடு நின்று சந்தோஷப்பட்டுவிடுகிறார்கள். குடியிருக்கும் வீட்டை விற்றுச் சாப்பிட முடியாது. கைமாற்றாகக் கொடுத்தது எப்போது திரும்பும் என்று தெரியாது. ஆகவே ஒரு வாரத்துக்குள் பணமாக்கக்கூடியதை மட்டும் எடுத்து, தவிர்க்க முடியாத மாதச் செலவால் வகு. செலவு 40,000, கைக்கு வரக்கூடியது 2,40,000 என்றால் ஆறு மாதம். வசதி என்று நான் நம்புவது இந்த எண்ணைத்தான். பெரிய சம்பளம் வாங்கியும் எல்லாம் தவணைக்கே போகிற வீட்டில் இது ஒன்றைக்கூட எட்டாது. அதனால்தான் வேலை போன மறுமாதமே வட்டிக்கு வாங்க வேண்டியதாகிறது.

நாடுகளும் இதே இடத்தில்தான் தடுமாறுகின்றன. காட்டை வெட்டி மரத்தை விற்றால் மொத்த உள்நாட்டு உற்பத்தி, அதாவது நாட்டில் ஓர் ஆண்டில் உருவாகும் பொருள், சேவைகளின் மதிப்பு, ஏறும். காடு போனது அந்தக் கணக்கில் கழிக்கப்படாது. வயதானவரை வீட்டார் பார்த்துக்கொண்டால் அது கணக்கிலேயே வராது, சம்பளத்துக்கு ஆள் வைத்தால் வரும். அமெரிக்காவின் தேசிய வருமானத்தைக் கணக்கிட்டுக் கொடுத்த பொருளாதார அறிஞர் சைமன் குஸ்நெட்ஸே 1934 அறிக்கையில், இதை வைத்து மக்கள் நலமாக இருக்கிறார்களா என்று ஊகிக்க முடியாது என்று எச்சரித்திருக்கிறார். எச்சரிக்கையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சராசரியையும் நம்பாதே. ஒன்பது பேருக்கு வருமானம் 20,000, பத்தாவது ஆளுக்கு 20,00,000 என்று வை. சராசரி 2,18,000! வரிசையின் நடுவில் நிற்பவருக்கோ அதே 20,000தான்.

1990-இல் பாகிஸ்தானியப் பொருளாதார அறிஞர் மஹ்பூப் உல் ஹக் முன்னின்று கொண்டுவந்த மனித வளர்ச்சிக் குறியீடு ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறது. 2010-இலிருந்து மூன்றையும் கூட்டி வகுப்பதற்குப் பதில், பெருக்கிக் கனமூலம் எடுக்கிறார்கள். கூட்டினால் பணம் ஏறியது பள்ளிக்கூடம் இல்லாததை மறைத்துவிடும். பெருக்கினால் ஒன்று சரிந்தாலும் மொத்தமும் கீழே இழுபடும். வீட்டுக்கும் இதுவே பொருந்தும் என்பேன்: உடம்பு கெட்டுவிட்டால் சேமிப்பு எவ்வளவு இருந்தும் அந்தக் குறை தீராது.

மனிதர்களைச் சொல்லாமல் விட்டால் கணக்கு முடியாது. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எழுதிய கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் பெரும்பாலோருக்குத் தகவல் சொன்னது எப்போதாவது சந்திக்கும் ஆட்கள் என்று காட்டினார். காரணம் எளிது: நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். ஆனால் படுத்துவிட்டால் பக்கத்தில் வந்து உட்காரப்போவது அந்த நெருங்கியவர்கள்தான். இரண்டு வகையும் வேண்டும். பழைய வேலையிடத்து ஆட்களை விட்டுவிடாதே, காரணம் இல்லாமலும் அவ்வப்போது பேசு.

தவணைக்குப் போன தொகையை முதலில் ஆறு மாதச் செலவுக்கான கையிருப்பை நிரப்பத் திருப்பிவிடு. செலவில் கலந்துவிட்டால் பிரித்தெடுப்பது கஷ்டம். கணக்கைப் போட்டதும் எத்தனை மாதம் வந்தது என்று எழுது. வங்கிக் கணக்கிலும் காப்பீட்டிலும் நாமினியாக யார் பெயர் இருக்கிறது என்பதையும் அப்படியே பார்த்துவிடு.

அன்புடன்,
ரவி