செயலாளரின் ஆண்டறிக்கை: நகைச்சுவைப் பயிற்சி வட்டம், திருகோணமலை

பொதுச்சபையினருக்கு வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழமைபோல் போயா (பௌர்ணமி) விடுமுறைகளில் நடந்தன. வரவுசெலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்; இங்கே பயிற்சியில் கண்டவை மட்டும்.

தொல்காப்பியம் நகை பிறக்கும் இடங்களை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என 4 ஆகச் சொல்கிறது. உறுப்பினர்களின் கொப்பிகளும் அந்த 4 தலைப்பிலேயே பிரிக்கப்பட்டன. காதில் விழுந்த பேச்சை அன்றிரவே, விழுந்தபடியே எழுத வேண்டும். மறுநாளுக்குத் தள்ளினால் அது எழுதுகிறவரின் பேச்சாகிப் பகிடி போய்விடும். எள்ளல் பக்கம்தான் முதலில் நிரம்பியது. அடுத்தவரை நக்கலடிக்க யாருக்கும் பயிற்சி தேவையில்லை. மடன் பக்கம் பலரிடம் வெறுமை. சொன்னதைப் பிடித்தபிடி விடாமல் நிற்பது மடன். ‘செருப்பைக் கழற்றவும்’ என்ற பலகையைப் பார்த்து, பூட்டிய கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பவரை எண்ணிக்கொள்ளுங்கள். உடற்குறை, சாதி, மூதூர்ப் பேச்சு, யாழ்ப்பாணப் பேச்சு ஆகியவற்றை வைத்துச் செய்யும் எள்ளல் மேடைக்கு எடுக்கப்படவில்லை; அடுத்த ஆண்டும் எடுக்கப்படாது.

மேடையில் அதிகம் சறுக்கியது வசன முடிவில். தமிழ் வசனம் வினையில் முடிவதால், சிரிப்புச் சொல்லுக்குப் பின்னால் ‘என்று சொன்னார்’ வந்து ஒட்டிக்கொள்கிறது. சபை சிரிக்க வாய் திறக்கும்போது பேச்சாளர் இன்னும் பேசிக்கொண்டிருப்பார். திருத்திய வடிவம் இது:

“சந்தையில மான் ஒண்டு கீரைக்கட்டை இழுக்குது. கடைக்கார அம்மா பாத்துக்கொண்டு இருக்கிறா. ‘ஏனம்மா, கலைக்கேல்லையோ?’ ‘விடு தம்பி. விலை குறைக்கக் கேக்காத ஆள் இதொண்டுதான்.’”

பேசியது யார் என்பதைக் குரல் மாற்றமே காட்டிவிடும். கடைசிச் சொல்லோடு வாயை மூடி, மனதுக்குள் 2 வரை எண்ண வேண்டும். சிரிப்பு எழுந்தால் அது பாதிக்கு இறங்கிய பிறகே அடுத்த வரி. எழாவிட்டால் விளக்கம் கூடாது, அடுத்ததற்குப் போய்விட வேண்டும்.

சிலேடையில் செம்மொழி (சொல்லைப் பிரிக்காமலே இரு பொருள் தருவது) மேடைக்கு, பிரிமொழி (பிரித்தால் வேறு பொருள் தருவது) சுவரில் எழுதிவைக்க என்று முடிவானது. ‘ஆள் ஏற முன்னமே பஸ்ஸில காசு ஏறியிட்டுது’ என்றால் காதுக்கே விளங்கும். ‘பலகை’யைப் ‘பல கை’ என்று பிரிப்பது எழுத்தில்தான் எடுபடும்: இடைவெளி விட்டுச் சொன்னால் முன்கூட்டியே பிடிபடும், விடாவிட்டால் யாருக்கும் கேட்காது. காளமேகப் புலவரின் வெண்பாக்களையும் இதனாலேயே அட்டையில் எழுதிக் காட்டி வாசித்தோம்.

வில்லுப்பாட்டில் ‘ஆமா’ போடுபவருக்குத் தனிப் பயிற்சி தேவை. அவர் முந்தினால் பகிடி செத்தது.

கடற்கரை நிகழ்ச்சி எடுபடவில்லை. கச்சான் காற்று ஒலிவாங்கியில் மோதி இரைந்தது. வெட்டவெளியில் சிரிப்பு ஒருவரிலிருந்து மற்றவருக்குத் தொற்றாமல் கலைந்துபோனது. மண்டபத்திலும் இதே சிக்கல் உண்டு: 100 கதிரையில் 40 பேர் சிதறி இருந்தால் சபை செத்த சபைதான். ஆகவே கதிரைகளை முதலில் குறைவாக நெருக்கிப் போட்டு, ஆள் வர வர அடுக்கிலிருந்து எடுத்துப் போட வேண்டும். இதை முன்வரிசையில் இருந்து தொடங்குங்கள். நம்மவர் எப்படியும் பின்வரிசையைத்தான் தேடுவார்கள்.

ஒலிவாங்கியின் பஞ்சுறை கிழிந்துவிட்டது. புதியது ஒன்று வாங்கச் சபையின் அனுமதி கோரப்படுகிறது.

செயலாளர்