மூன்றாவது வார்டு கதையில் விட்டுப்போனது

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நேற்று சித்தி பேசினாள். சும்மா நலம் விசாரிக்கத்தான் கூப்பிட்டாள். பேச்சுவாக்கில் "மூணு இடத்துல வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்களாமே" என்றாள். எனக்கு எல்லாம் தெரிந்த மாதிரி "ஆமாம், ஆமாம்" என்று சொல்லி வைத்தேன். அப்பா பேப்பரை மடியில் போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோபம் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் வார்டில் நின்றவளை விட்டுவிட்டு, ஊசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் சித்தியிடம் போய் யோசனை கேட்டிருக்கிறாய். சரி, அது உன் இஷ்டம்.

சித்தி சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன், தப்பாக இருந்தால் விட்டுவிடு. பெரிய ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ., சின்ன ஆஸ்பத்திரியில் பொது மருத்துவ வார்டு, மூன்றாவது வீட்டுக்கே போய் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மூன்றாவதில்தான் சம்பளம் கூடவாம். அதை முதலிலேயே தள்ளிவிடு. மட்டமான வேலை என்று சொல்லவில்லை, நாலைந்து வருஷம் அடிபட்டவர்கள் செய்ய வேண்டியது. நோயாளிக்கு மேல்மூச்சு வாங்க ஆரம்பித்தால் அங்கே நீயும் ஒரு போனும்தான்.

முதல் வருஷம் வார்டில் கழித்துவிட்டுத்தான் ஐ.சி.யூ. பக்கம் போக வேண்டும் என்பது எங்கள் காலத்தில் வேதவாக்கு. இப்போது எனக்கு அதில் அவ்வளவு நிச்சயம் இல்லை. ஒழுங்காகப் பழக்கிவிட்டால் புதிதாக வந்தவர்களும் அங்கே தேறிவிடுகிறார்கள், கண்ணால் பார்த்திருக்கிறேன். உன் கை வேறு நல்ல கை. முதல் குத்திலேயே உனக்கு நரம்பு கிடைத்துவிடுகிறது என்று உன் டீச்சர் சொன்னதை நான் சொல்லாத ஆள் கிடையாது. எனக்கு அது கைவர ஒரு வருஷம் ஆனது.

ஆனால் பழக்கிவிடுகிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எத்தனை வாரம் ஒரு மூத்த நர்சோடு கூட நிற்க விடுவார்கள் என்று கேள். அந்த வாரங்களில் உன்னையும் ஆள் கணக்கில் சேர்ப்பார்களா என்பதை அதைவிட அழுத்திக் கேள். "பயிற்சி எல்லாம் உண்டும்மா" என்பார்கள். மூன்றாம் நாள் யாரோ லீவு போட்டதும் ஆறு பேஷன்ட்டை உன் தலையில் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ராத்திரியில் ஒரு நர்சுக்கு எத்தனை பேர் என்றும் கேள், பகல் கணக்கைத்தான் சொல்லப் பார்ப்பார்கள். 2002-ல் லிண்டா எய்க்கன் குழுவினர் பென்சில்வேனியாவில் 168 ஆஸ்பத்திரிகளின் ஆபரேஷன் நோயாளிகளை வைத்துப் பார்த்தார்களே, ஒரு நர்சின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால் முப்பது நாளுக்குள் இறந்துபோகும் வாய்ப்பு 7 சதவீதம் ஏறுகிறது என்று. பரீட்சைக்கு நீயும் படித்திருப்பாய். எழுதி மார்க் வாங்கியதோடு விட்டுவிடாதே, இன்டர்வியூவில் உட்காரும்போது அதை நினைத்துக்கொள்.

ஒரிஜினல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்காதே. சரிபார்க்க வேண்டுமென்றால் காட்டு, நகலைக் கொடு, ஒரிஜினலைக் கையோடு வாங்கிக்கொண்டு வா. ஒப்பந்தத்தில் எத்தனை வருஷம், நடுவில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை அங்கேயே அவசரமாகப் படிக்காமல் வீட்டுக்கு வாங்கி வந்து படி.

அப்புறம் ஒன்று. முடிந்தால் ட்யூட்டி மாறும் நேரத்தில் அந்த வார்டைப் போய்ப் பார். கால் மணி நேரம் ஓரமாக நின்றால் போதும். கட்டில், மெஷின் எதையும் பார்க்க வேண்டாம். புதிதாக வந்த பெண் ஏதாவது கேட்கும்போது மூத்தவர் தலையை நிமிர்த்துகிறாரா என்று மட்டும் பார்.

மூன்றாவது வார்டு கதை உனக்கும் தம்பிக்கும் மனப்பாடம். இன்சுலினில் நாற்பதையும் நூறையும் குழப்பிய புது நர்ஸ் என்று தம்பி அவளைப் போலவே முழித்து நடித்துக் காட்டுவான். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அதில் ஒரு இடத்தை நான் உங்களுக்குச் சொன்னதே இல்லை.

அவள் என்னிடம் கேட்டாள்.

ராத்திரி ட்யூட்டி தொடங்கி அரை மணி நேரம் இருக்கும். நான் மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்று, "சிஸ்டர், இதுக்கு இது சரியா?" என்றாள். அவள் ஒரு கையில் மில்லிக்கு 100 யூனிட் இன்சுலின் குப்பி, மறு கையில் மில்லிக்கு 40 யூனிட் என்று கோடு போட்ட, சிவப்பு மூடி சிரிஞ்சு. அதையெல்லாம் பிற்பாடு ட்ரேயைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்போது நான் நிமிரவில்லை. "நாலு வருஷம் என்னத்தைப் படிச்சே?" என்றேன். பேனாகூட நிற்கவில்லை. கொஞ்ச நேரம் அவள் செருப்பு மட்டும் என் கண்ணில் பட்டது. புதுசு, கறையில்லாத வெள்ளை. அப்புறம் அது நகர்ந்து போய்விட்டது.

டாக்டர் சீட்டில் இருந்தது 20 யூனிட். அந்த சிரிஞ்சில் 20-வது கோடு அரை மில்லி. அந்தக் குப்பியில் அரை மில்லி என்றால் 50 யூனிட். பத்து மணிக்கு, ஊசி போட்டுக்கொண்ட பெரியவரின் மனைவி ஓடி வந்தார், "சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு, கூப்பிட்டா என்னென்னவோ பேசறார்" என்று. சர்க்கரை 38-க்கு இறங்கிக் கிடந்தது. க்ளூக்கோஸ் ஏற்றி, விடிய விடிய விரலைக் குத்திக் குத்திப் பார்த்தோம். பிழைத்துவிட்டார்.

இன்சுலினை இரண்டு பேர் பார்த்துத்தான் போட வேண்டும். அவள் அந்த இரண்டாவது ஆளைத் தேடித்தான் வந்தாள். காலையில் ரிப்போர்ட்டில் "மூத்த செவிலியரிடம் சரிபார்க்காமல் மருந்து செலுத்தப்பட்டது" என்று என் கையால் எழுதி, அவளிடமே நீட்டினேன். படித்தாள். என்னைப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டாள். இந்தத் தொழிலுக்கே திரும்பவில்லை என்று யாரோ சொன்னார்கள். அது நிஜமா என்று நான் விசாரிக்கவும் இல்லை.

அப்பாவிடம்கூட இதைச் சொன்னதில்லை. நேற்று சித்தி போனை வைத்த பிறகு ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. நீ பின்னக் கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நிற்பாயே, நைட் ட்யூட்டி முடித்து வந்த களைப்பில் "இதுகூடத் தெரியாதா?" என்பேன். நீ நோட்டை மூடிக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போவாய். அவளுக்குக் கணக்கு வராது. இருந்தாலும் போவாய்.

ஐ.சி.யூ.வா வார்டா என்பதை நீயே முடிவு பண்ணு. எதை எடுத்தாலும் நான் வாயைத் திறக்கமாட்டேன் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் என்னை உனக்குத் தெரியும். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகியும் மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. ராத்திரி ட்யூட்டியில் ஏதாவது சந்தேகம் வந்தால் முதலில் பக்கத்தில் இருக்கும் மூத்தவரைக் கேள், அவர் முகம் சுளித்தாலும் கேள். அவர் நிமிரவில்லை என்றால் மருந்தைக் கீழே வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடு. அதற்காக யார் திட்டினாலும் பரவாயில்லை.

ஒரிஜினலை மட்டும் கொடுத்துவிடாதே. முன்னாடியே எழுதிவிட்டேனோ?

அம்மா

பி.கு.: ஹெபடைட்டிஸ் பி மூன்றாவது டோஸ் போட்டு இரண்டு மாதம் ஆகப்போகிறது. ஊசி பிடித்ததா என்று காட்டும் ஆன்டிபாடி 10-க்கு மேல் வந்திருக்கிறதா என்று போன மாதம் கேட்டதற்கு "பாக்கறேம்மா" என்று அனுப்பியிருந்தாய். பார்த்தாயா?