பரந்தனில் இருக்கும் நண்பருக்கு

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதம் சென்ற கிழமை கிடைத்தது. உம் தம்பியாரின் சிறுபோக (இரண்டாம் போக) நெல்வெட்டு நல்லபடி முடிந்ததை அறிந்து மகிழ்ந்தேன். இங்கே யாவரும் நலம்.

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்ற என் கட்டுரையில் எதிர்த்தரப்புக்கு ஏன் இரண்டு பந்திகள் கொடுத்தேன், அது என் வாதத்தைப் பலவீனப்படுத்தாதா என்று கேட்டிருந்தீர். முதல் வரைவில் நான் அப்படிச் செய்யவில்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எங்கள் குடாநாட்டில் இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கிய மழைநீரே கிணற்று நீர். தோட்டத்து உரத்தின் நைத்திரேற்றும் அதில் கலக்கிறது. எங்கள் கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவு விரல்நகத் தடிப்பில் இருக்கிறது. இவற்றையெல்லாம் எழுதி, மாரியில் குளம் நிரம்பி வான் பாய்ந்து கடலுக்குப் போகும் இரணைமடு நீரைத் தர மறுப்பது தன்னலம் என்று ஒரே வரியில் அக்குளத்துக் கமக்காரரைத் தள்ளிவிட்டேன்.

தம்பியார் இங்கு வந்தபோது அதை வாசித்துக் காட்டினேன். அவர் கோபிக்கவில்லை. "அண்ணை, நாங்கள் இப்படிச் சொல்லேல்லையே" என்றார். சிறுபோகத்தில் நீர் போதாமல் குளத்தின் கீழுள்ள காணிகளில் ஒரு பகுதியே விதைக்கப்படுகிறது என்பதும், வான் பாயாத ஆண்டில் யாருடைய பங்கு குறையும் என்பதுமே அவர்களுடைய கேள்வி. ஒருவரும் சொல்லாத வாதத்தையே நான் அவ்வளவு ஊக்கத்தோடு மறுத்திருந்தேன்.

பிறர் கொள்கையை நூலாசிரியர் எப்படி எதிர்கொள்ளலாம் என்று நன்னூல் கூறும் எழுவகை மதத்துள் முதலாவது உடன்படல்; 'பிறர்தம் மதமேற்கொண்டு களைவு', அதாவது பிறர் கொள்கையை முதலில் ஏற்றுப் பின் நீக்குதல் என்பதும் அவற்றுள் ஒன்று. இளமையில் மனப்பாடம் செய்த அந்த 'மேற்கொண்டு' என்ற சொல்லின் பொருள் இப்போதுதான் எனக்கு விளங்கியது. அருணந்தி சிவாசாரியாரும் சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலில் உலகாயதன் முதலான பிற கொள்கையாளரின் கருத்துகளைப் பரபக்கம் என்ற பகுதியில் எடுத்துக்கூறி மறுத்த பின்பே, தம் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு வருகிறார்.

என் நிலைப்பாட்டை நான் கைவிடவில்லை. நீர் வரவேண்டும்; ஆனால் சிறுபோகப் பங்கை ஒதுக்கிய பின், குளத்தில் மிகுதி உள்ளபோது மட்டும் வரவேண்டும் என்று திருத்தியிருக்கிறேன். குடாநாட்டின் தாளையடிக் கரையில் 2024இல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டுவிட்டதே, இனி இரணைமடு எதற்கு என்பாருக்கு, அதற்குச் செலவாகும் மின்சாரத்தைக் காட்டிப் பதில் எழுதியிருக்கிறேன். அந்தப் பதில் எனக்கே இன்னும் போதவில்லை.

இத்துடன் இரண்டாம் வரைவை அனுப்புகிறேன். எதிர்த்தரப்புக்குக் கொடுத்த மூன்றாம், நான்காம் பந்திகளைத் தம்பியாரிடம் வாசித்துக் காட்டும். தம் வாதம் அதுதான் என்று அவர் ஒப்புக்கொண்டால் மாத்திரம் கட்டுரையை வெளியே கொடுப்பேன்.

இப்படிக்கு,
என்றும் அன்புள்ள நண்பன்